எந்த நிமிடம் வரை காப்பாற்றலாம்? – வாசகர் கேள்வி பதில்

உடம்பின் செல்கள் எப்படிக் காயப்படுகின்றன, எப்போது செத்துப்போகின்றன என்று கேட்டுக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

செங்கோட்டை: கொல்லத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல் பாதிப்பை மீளக்கூடியது, மீளாதது என்று பாடத்தில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த எல்லையில் கோடு போட்டுக் காட்ட நோய்க்கூறியல் வல்லுநர்களாலும் முடியாது. ஆனால் அதற்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது என்பது வரிசையாகத் தெரியும். ரத்த ஓட்டம் நின்றுபோன ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விஷம், சூடு, கிருமி எது தாக்கினாலும் கடைசியில் பெரும்பாலும் இதே பாதைக்குத்தான் வந்து சேர்கிறது.

ரத்தம் நின்றதும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவால் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்க முடியாது. செல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் செலவாவது ஏ.டி.பி.தான். அது வழக்கமான அளவில் 5 முதல் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால், செல்லில் பாதிக்கப்படாத பகுதி என்று எதுவும் மிஞ்சாது.

முதலில் அடிபடுவது சவ்வில் இருக்கும் சோடியம் பம்ப். செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல். உள்ளே 10 முதல் 15 வரைதான். பொட்டாசியம் இதற்கு நேர் எதிர், உள்ளே 140, வெளியே 4. இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, உள்ளே கசியும் சோடியத்தைப் பம்ப் ஓயாமல் வெளியே தள்ளுவதால்தான் நிற்கிறது. பம்ப் ஓய்ந்தால் சோடியம் உள்ளே வரும், கூடவே தண்ணீர் வரும், செல் வீங்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குப் படும் முதல் மாற்றம் இந்த வீக்கம்தான்.

இதற்குள் செல், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்கப் பார்க்கும். அதில் லாக்டிக் அமிலம் சேர்ந்து உள்ளே புளிப்பு ஏறும். பல நொதிகளின் வேலை மந்தமாகும். ரைபோசோம்கள் தங்கள் இடத்தை விட்டுக் கழன்றுவிடுவதால் புரதத் தயாரிப்பு நின்றுபோகும். அடுத்தது கால்சியம். செல்லின் திரவத்தில் இருக்கும் கால்சியம் வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அது பெருக்கெடுத்து உள்ளே வந்தால், கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் வெட்டும் நொதிகள் ஒரே சமயத்தில் முடுக்கப்படும்.

வீக்கமும் புளிப்பும் மட்டும் இருக்கிறவரை, ரத்தம் திரும்ப வந்தால் செல்லும் திரும்பிவிடும். திரும்பாது என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, ஆக்சிஜன் கிடைத்த பிறகும் மைட்டோகாண்ட்ரியா வேலையைத் தொடங்காமல் கிடப்பது. மற்றொன்று, சவ்வுகள் கிழிவது. வெளிச்சவ்வு மட்டும் அல்ல, லைசோசோமின் சவ்வும் கிழியும். கிழிந்தால் அதற்குள் அடைபட்டிருந்த செரிப்பு நொதிகள் சொந்தச் செல்லையே கரைக்கத் தொடங்கும். உட்கரு சுருங்கி அடர்ந்து, துண்டு துண்டாகி, பிறகு சாயம் ஏறாமல் மங்கி மறையும். பிக்னோசிஸ், கேரியோரெக்சிஸ், கேரியோலைசிஸ் என்று நீங்கள் படிக்கும் மூன்று சொற்களும் இந்த மூன்று நிலைகளைத்தான் சொல்கின்றன.

பரீட்சைக்கும் வார்டுக்கும் ஒருசேர உதவுகிற கணக்கு ஒன்று உண்டு: வேலை நிற்பது முதலில், சாவது பிறகு, சாவு கண்ணுக்குத் தெரிவது அதற்கும் பிறகு. ரத்தம் நின்ற இதயத் தசை ஒரு நிமிடத்துக்குள் சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் சாவதற்கு 20 முதல் 40 நிமிடம் ஆகும். செத்தது சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரிய 4 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் மாரடைப்பு வந்து இரண்டு மணி நேரத்தில் இறந்தவரின் இதயத் திசுவை அறுத்துப் பார்த்தாலும் தசை நன்றாக இருப்பதுபோலவே தெரியும். மூளையின் நரம்புச் செல்லுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது, 3 முதல் 5 நிமிடம்தான். நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆம்புலன்ஸ் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புளியரை: எங்கள் மர அறுவை மில்லில் ஒருவருக்கு விரல் துண்டாகிவிட்டது. துண்டை ஐஸில் புதைத்துக் கொண்டுபோனார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கடிந்துகொண்டார்களாம். குளிர்ச்சி நல்லதுதானே?

குளிர்ச்சி நல்லது, ஐஸ் நேராகத் தொடுவதுதான் கெட்டது. குளிரில் செல்லின் செலவு குறைவதால் இருக்கும் ஏ.டி.பி. நீண்ட நேரம் தாங்கும். ஆனால் தண்ணீர் உறைந்தால் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும். அது மீளாத பாதிப்பு.

துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். தேய்க்க வேண்டாம், டெட்டால் வேண்டாம். சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை, பாதி தண்ணீரும் பாதி ஐஸுமாக இருக்கும் இன்னொரு பாத்திரத்தில் மிதக்க விடுங்கள். இப்படிக் கொண்டுபோனால் விரல் சுமார் 24 மணி நேரம் வரையும், குளிர்ச்சி இல்லாவிட்டால் சுமார் 12 மணி நேரம் வரையும் ஒட்டவைக்கத் தகுதியாக இருக்கும். கை முழங்கையோடு போயிருந்தால் கணக்கு பாதியாகிவிடும், குளிரில் 12, இல்லாவிட்டால் 6. காரணம், முன்கையில் தசை நிறைய இருக்கிறது. விரலில் இருப்பது தோல், தசைநாண், எலும்பு. தசைத் திரள் கிடையாது. கையில் இருக்கும் திசுக்களில் ஆக்சிஜன் பசி தாங்காதது தசைதான்.

வெட்டுப்பட்ட கையைத் துணியால் அழுத்திப் பிடித்து, இதயத்துக்கு மேலே தூக்கிவைப்பதை முதலில் செய்யுங்கள். விரல் தேடுவது இரண்டாவது வேலை.

குமுளி: மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ட்ரோபோனின் டெஸ்ட் எடுத்தபோது நார்மல். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் மாரடைப்பு என்கிறார்கள். முதல் டெஸ்ட் தப்பா?

தப்பில்லை. ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். தசைச் செல்லின் சவ்வு கிழிந்தால்தான் அது ரத்தத்துக்கு வரும். கிழிந்ததும் உடனே வந்து சேர்வதும் இல்லை. அடைப்பு ஏற்பட்டு 2 முதல் 4 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம், அதற்கு மேலும்கூட ரத்தத்தில் நிற்கும். வலி தொடங்கி அரை மணியில் எடுத்தால் செல்கள் சாகத் தொடங்கியிருந்தாலும் கணக்கில் வராது. அதனால்தான் இரண்டாவது முறை எடுக்கிறார்கள். முதல் அளவைவிட இரண்டாவது அளவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். முதல் டெஸ்ட் நார்மல் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அடைப்பை நீக்கினால் எல்லாச் செல்லும் பிழைத்துவிடுமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் திடீரெனத் திரும்பி வரும்போது, பழுதான மைட்டோகாண்ட்ரியா அதைத் தண்ணீராக மாற்ற முடியாமல் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளாக விட்டுவிடும். அவை சவ்வின் கொழுப்பைத் தாக்கும். கால்சியமும் கூடவே வந்து பாயும். எல்லையில் நின்றுகொண்டிருந்த செல்களில் சில இதனால் சாவது உண்மை. ஆனாலும் திறப்பதால் பிழைக்கும் செல்கள் அதைவிட மிக மிக அதிகம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போடலாம் என்பது வெளி எல்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பத்தாவது மணியில் கிடைக்காது. மலையிலிருந்து கம்பமோ தேனியோ இறங்குவதற்கு முன், அருகில் எங்கே இ.சி.ஜி. எடுத்து ஆஸ்பிரின் கொடுப்பார்களோ அங்கே முதலில் காட்டிவிட்டு, அவர்கள் ஏற்பாட்டில் இறங்குவது நல்லது.

வாளையாறு: லாரி ஓட்டுகிறேன். கோவையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 92, பொட்டாசியம் 6.1. மறுநாள் பாலக்காட்டில் எஸ்.ஜி.பி.டி. 90, பொட்டாசியம் 4.4. எந்த லேப் பொய் சொல்கிறது?

இரண்டு லேபும் தங்களுக்கு வந்த ரத்தத்தைச் சரியாகத்தான் அளந்திருக்கும். முதல் முறை எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய ஊசியில் வேகமாக இழுப்பது, இழுத்ததைக் குழாயில் பீய்ச்சுவது, குலுக்குவது, நீண்ட நேரம் பிரிக்காமல் வைப்பது, எல்லாமே அணுக்களை உடைக்கும். ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் பொட்டாசியம் நிறைந்திருப்பதால் கொஞ்சம் உடைந்தாலே அளவு எகிறிவிடும். பிரித்தெடுத்த சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததா என்று லேபில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் 6.1 என்று வந்தால் அலட்சியம் செய்யாமல் அன்றே மறுபடி எடுப்பதும் இ.சி.ஜி. பார்ப்பதும்தான் முறை. உண்மையாகவே அந்த அளவு இருந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

எஸ்.ஜி.பி.டி. இரண்டு இடத்திலும் ஒன்றுபோல ஏறியிருப்பதால் அது உங்கள் கல்லீரல் சொல்லும் சேதி. இந்த நொதி பெரும்பாலும் கல்லீரல் செல்லுக்குள் இருப்பது. சவ்வு கசிந்தால் ரத்தத்துக்கு வரும். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதி அப்படி இல்லை, இதயத்திலும் தசையிலும்கூட உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் மதுவைச் சந்தேகிப்பார்கள்.

மது கல்லீரல் செல்லில் முதலில் செய்வது கொழுப்பை நிரப்புவது. அந்தக் கட்டத்தில் குடியை முழுதாக நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு வடிந்துவிடும். வடு திசு படர்ந்து கல்லீரல் சுருங்கிய பிறகு, நிறுத்தினாலும் பழைய கல்லீரல் திரும்பாது. மேலும் மோசமாகாமல் இருக்க அப்போதும் நிறுத்தத்தான் வேண்டும்.

உடம்புவலிக்கு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஓட்டுவதாக எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறோம். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராம் உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறோடு நிறுத்த வேண்டும். தினமும் குடிப்பவருக்கு இந்த வரம்பே அதிகம். அந்த மருந்தில் ஒரு பங்கு கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறும். அதை குளூட்டாதயோன் என்ற பொருள் பிடித்து அடக்கும். குடி அந்தக் குளூட்டாதயோனைக் குறைக்கிறது, நச்சாக மாற்றும் நொதியைப் பெருக்குகிறது. அளவு மீறிப் போட்டவருக்கு முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும். கல்லீரல் செல்கள் சாவது மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் முழுதாகத் தெரியும். மாற்று மருந்தான அசிட்டைல் சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். சளி மாத்திரை, ஜலதோஷ மருந்து பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

களியக்காவிளை: மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவிக்கும்போது வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று அம்மை சொல்லுவாள். சத்து எல்லாம் போய்விடாதா? அதிலிருப்பது விஷம் என்றால் தலைமுறையாகத் தின்கிற நமக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

உங்கள் அம்மை சொல்வதுதான் சரி. திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கை விசாகம் திருநாள் மகாராஜா பரப்பினார். அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு நம் வீட்டுப் பெண்கள் கையாண்ட முறையில் நல்ல வேதியியல் இருக்கிறது.

மரச்சீனிச் செல்லின் ஒரு அறையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரில் இருக்கிறது. செல் முழுதாக இருக்கிறவரை இரண்டும் சந்திப்பதில்லை. வெட்டினாலோ, துருவினாலோ, ஆடு கடித்தாலோ செல் உடைந்து இரண்டும் கலக்கும். அப்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். தன் செல் காயப்பட்டதும் கடிப்பவரைத் தாக்குவதற்குச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது.

நம் உடம்பில் சயனைடு போய்ப் பிடிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை, சைட்டோகுரோம் ஆக்சிடேஸை. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். செல்லால் அதைத் தொட முடியாது. மேலே செங்கோட்டை மாணவிக்கு எழுதிய ஏ.டி.பி. வீழ்ச்சி முழுவதும், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். திசு ஆக்சிஜனை எடுக்காததால் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்று சிவந்திருக்கும்.

நமக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது ரகம். எம்-4 போன்ற வீட்டுச் சமையல் ரகங்களில் சயனைடு குறைவு. ஸ்டார்ச் ஆலைக்கு வளர்க்கும் எச்-226 போன்றவற்றில் அதிகம், கசப்பும் இருக்கும். பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் இனிப்பு ரகம் என்று சர்வதேச உணவுத் தரம் கணக்கு வைக்கிறது. ஆலைக்குப் போகும் கிழங்கை விலை மலிவு என்று வாங்கிவந்து அவிக்காதீர்கள்.

இரண்டாவது சமையல். தோலில் சதையைவிட அதிகம் இருப்பதால் உள்தோல்வரை ஆழமாக உரிக்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, கிழங்கு மூழ்கி மேலே நாலைந்து விரல் நிற்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றி, திறந்த பாத்திரத்தில் சூடேற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் உடைக்கும் நொதி முதலில் செத்துவிடும். லினமாரின் உடையாமல் கிழங்குக்குள்ளேயே தங்கும். பச்சைத் தண்ணீரிலிருந்து மெல்லச் சூடேறினால் நொதி வேலை செய்ய நேரம் கிடைக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிற பொருள், எனவே மூடி வேண்டாம். உடையாமல் மிஞ்சிய லினமாரின் தண்ணீரில் கரைந்து நிற்கும். கொட்டச் சொல்வது அதைத்தான். கொஞ்சம் உப்புச்சத்தும் வைட்டமின் சியும் கூடவே போகும், போகட்டும். குக்கரில் குறைந்த தண்ணீர் வைத்து அப்படியே குழைத்து எடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

மூன்றாவது மீன். கொஞ்சம் சயனைடு உள்ளே போனால் கல்லீரலின் ரோடனேஸ் நொதி அதோடு கந்தகத்தைச் சேர்த்து, வீரியம் குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கந்தகம் புரதத்திலிருந்து வர வேண்டும். மரச்சீனியும் மீன்கறியும் ஜோடி சேர்ந்தது உடம்புக்கு மிக நல்லதாய் அமைந்தது. ஆப்பிரிக்காவில் பஞ்ச காலங்களில், சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கை மட்டும் வாரக்கணக்கில் தின்று, புரதமே கிடைக்காதவர்களுக்குக் கால்கள் விறைத்து நிரந்தரமாக முடங்கும் கொன்சோ என்ற நோய் வந்திருக்கிறது.

ஆடு, மாட்டுக்கு இலையையும் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள். தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கித் தள்ளாடினால் கால்நடை மருத்துவரிடம் மரச்சீனி தின்றது என்று சொல்லுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி இருக்கிறது, அதுவும் கந்தகம் கொடுக்கும் மருந்துதான்.

குலசேகரம்: ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் கையில் பட்டால் சுண்ணாம்பு தடவலாமா?

கூடாது. அமிலமும் சுண்ணாம்பும் சேரும்போது சூடு கிளம்பி, செத்த தோலுக்குக் கீழே இருக்கும் பிழைக்கக்கூடிய செல்களையும் கொல்லும். ஷீட் போட வாங்கும் பார்மிக் அமிலம் கேனில் வரும்போது 85 சதவீத வீரியம். பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 முதல் 30 நிமிடம் கையைக் காட்டிக்கொண்டே இருங்கள். நிறையப் பட்டிருந்தால் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இந்த அமிலம் தோல் வழியாக ரத்தத்தில் ஏறி, சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மேலே சொன்ன சைட்டோகுரோம் ஆக்சிடேஸையும் தடுக்கும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உணவுக்குழாய் இரண்டாம் முறை வேகும். கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டதால்: அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஒரு பொருக்கு கட்டும், அது ஓரளவு மேலும் உள்ளே போகாமல் தடுக்கும். காரம் அப்படி நிற்காது. சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கிக் கண்ணில் தெறித்தால் சில நிமிடத்தில் கருவிழியைக் கடந்துவிடும். இமையை விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவுங்கள். மேல் இமைக்குள் ஒட்டியிருக்கும் துணுக்கை நனைந்த சுத்தத் துணியால் எடுங்கள். கழுவாமல் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வழியிலேயே கண் போய்விடும்.

வெந்நீர், தீ பட்ட புண்ணுக்கும் 20 நிமிடம் ஓடும் தண்ணீர்தான். நடுவே செத்துப்போன பகுதியைச் சுற்றி, ரத்த ஓட்டம் மந்தமாகி ஊசலாடும் ஒரு வளையம் இருக்கும் என்று ஜாக்சன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1953இல் விளக்கினார். ஒன்றிரண்டு நாளில் அது பிழைக்கும் அல்லது சாகும். தண்ணீர் காப்பாற்றுவது அந்த வளையத்தை. பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

போடிமெட்டு: ஏலத்தோட்டத்தில் பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது என்கிறார்களே, விஷம் ஏறிவிடாதா?

விரியன் விஷத்தில் செல் சவ்வின் கொழுப்பை வெட்டும் பாஸ்போலைப்பேஸும், ரத்தக் குழாய்ச் சுவரை அரிக்கும் நொதிகளும் இருக்கின்றன. இறுக்கிக் கட்டினால் அந்த விஷம் ஒரே இடத்தில் தேங்கி நிற்கும். கட்டுக்குக் கீழே ரத்தமும் போகாது. இரண்டு சாவுகளும் ஒரே காலில். அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் இதே ரகம். கடிபட்ட காலை மட்டையோ குச்சியோ வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, மோதிரம், கொலுசு கழற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது, மருந்து உடனே வேண்டும்.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் எதிராகச் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கிய சிறு குழிவிரியனின் விஷத்துக்கு அது கேட்காது. அந்தக் கடியிலும் சிறுநீரகம் கெடலாம் என்பதால் சிறுநீர் அளவையும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சில நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்து அடித்துக்கொண்டு வருவது வேண்டாம். எட்ட நின்று போன் படம் எடுக்க முடிந்தால் போதும்.

ஆனைக்கட்டி: அட்டப்பாடியில் உள்ள உறவினர் குழந்தைக்கு சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள்போல வளையும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். அணு வளைவது எதனால்? திரும்ப நேராகுமா?

நம் மலைகளோடு நேரடித் தொடர்புள்ள நோய் இது. இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் இது கண்டறியப்பட்டது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிடுகிறது. ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நார்களாகி அணுவை வளைக்கும். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறினால் நேராகும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் சவ்வு கொஞ்சம் பழுதாகி, கால்சியம் உள்ளே வந்து, பொட்டாசியமும் தண்ணீரும் வெளியே போகும். அணு வற்றி, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆக்சிஜன் கிடைத்தாலும் நேராகாது. சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, பழுது பார்த்துக்கொள்ள வழியில்லை. வழக்கமாக 120 நாள் வாழும் அணு, இவர்களிடம் 10 முதல் 20 நாளில் அழிந்துவிடுகிறது.

அணு வற்றுவதைக் குறைப்பது வீட்டில் செய்யக்கூடியது. குழந்தைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் கொடுங்கள். குளிரில் நனையவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தாமதிக்காமல் தொடங்குங்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. மண்ணீரல் கெட்டிருப்பதால் கிருமி வேகமாகப் பரவும், அன்றே ஆஸ்பத்திரி. ஐந்து வயது வரை பென்சிலின், நிமோனியா தடுப்பூசி, டாக்டர் சொன்னால் ஹைட்ராக்சியூரியா. கடைசியாகச் சொன்ன மருந்து, வயிற்றில் இருந்தபோது குழந்தைக்கு இருந்த ஹீமோகுளோபினைப் பெருக்கி நார் கட்டுவதைத் தடுக்கிறது. அதை நடுவில் நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனையோடு தொடர வேண்டும். தாய், தந்தை இருவரும் இந்த நோயின் மரபணுவைக் கடத்துபவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை பரிசோதனை செய்கிறார்கள். கல்யாணம் பேசும் வயதில் இருப்பவர்கள் அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி: செல்கள் தாங்களாகவே செத்துக்கொள்ளும் என்று படித்தேன். அதுவும் நோயா?

பெரும்பாலும் இல்லை. 1972இல் கெர், வைலி, கர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கருவில் துடுப்புபோல இருக்கும் கை, இடையிலுள்ள செல்கள் இப்படிச் செத்துத்தான் ஐந்து விரலாகப் பிரிகிறது. காயப்பட்டுச் சாகும் செல் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைச் சிந்தி, சுற்றிலும் அழற்சியைக் கிளப்பும். இது சுருங்கி, சவ்வு கிழியாமலே சிறு பொட்டலங்களாகி, பக்கத்துச் செல்களால் விழுங்கப்படும். வலியும் இல்லை, சீழும் இல்லை. டி.என்.ஏ. சீர்செய்ய முடியாதபடி கெட்ட செல் இப்படி ஒதுங்க மறுத்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

கூடலூர் (தேனி): செல் பாதிப்பைத் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா? பீடி பிடிக்கும் பழக்கம் உண்டு.

வேண்டாம். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தில் முருங்கைக்கீரையும் கேரட்டும் பப்பாளியும் வாங்குங்கள்; உணவில் வரும் அளவில் இந்த ஆபத்து இல்லை. பீடிப் புகை படும் மூச்சுக்குழாயில், தூசியைத் தள்ளும் மயிர்ச் செல்கள் போய்த் தட்டையான செல்கள் முளைத்திருக்கும். பீடியை விட்டால் அந்த மாற்றம் திரும்பக்கூடிய கட்டத்தில்தான் பலருக்கும் இருக்கிறது. விட்ட முதல் சில வாரங்களில் சளியும் இருமலும் கூடினால் பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள். மயிர்ச் செல்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது அப்படி ஆவதுண்டு. இருமலில் ரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.